பாத்திரமும் முகமும்

திருப்பூரிலிருந்து அவிநாசிக்குச் செல்லும் சாலையில், பனியன் கம்பெனிகளின் தையல் இயந்திர இரைச்சலுக்கு நடுவே, தகட்டின்மேல் சுத்தியல் விழும் சீரான சப்தமும் காதில் பட்டால், அனுப்பர்பாளையம் வந்துவிட்டது என்று அறிந்துகொள்ளலாம். பின்னலாடைக்காகத் திருப்பூரை அறிந்தவர்களில் பலர் அறியாத சங்கதி, அதன் ஓரத்திலிருக்கும் இவ்வூர் தலைமுறை தலைமுறையாகப் பாத்திரத் தொழிலுக்குப் பேர்போனது என்பதாகும். பித்தளைக் குடம், செம்பு அண்டா, சொம்பு, குண்டா, பிற்காலத்தில் எவர்சில்வர் என்று வரிசையாக இங்கே உருவாகித் தமிழ்நாட்டின் சமையலறைகளுக்குச் சென்றிருக்கின்றன.

பட்டறையில் உருவாகும் பாத்திரம் முதலில் பார்ப்பதற்கு லட்சணமாக இருப்பதில்லை. நெருப்பில் வெந்து, அடிபட்டு, பற்றவைக்கப்பட்டுக் கருகிய தோற்றத்தோடு வெளிவரும் குடத்தைப் பாலீஷ் சக்கரத்தில் கொடுத்துத் தேய்த்த பிறகே அதற்குள் மறைந்திருந்த பொன்னிறம் தலைகாட்டுகிறது. அந்த நிறமும் நிரந்தரமன்று. காற்றிலுள்ள பிராணவாயுவும் ஈரமும் சேர்ந்து நாளடைவில் அதை மறுபடி கறுக்கச் செய்துவிடும். அப்பொழுது நம் வீட்டுப் பெண்கள் கைக்கொள்ளும் பரிகாரம் புளி. புளியிலுள்ள அமிலம் உலோகத்தின்மேல் படிந்த கறையைக் கரைத்துவிட, பாத்திரம் புதியதுபோல் பளபளக்கிறது. ஆகவே இவ்வூரில் பிறந்து வளர்ந்தவர் மனத்தில், கறுப்பைக் கண்டால் தேய்க்க வேண்டும் என்ற எண்ணம் சுபாவமாகவே பதிந்திருந்தால், அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அந்த நியாயத்தை முகத்துக்கும் பிரயோகிக்கும்போதுதான் சங்கடம் நேருகிறது. பனியன் கம்பெனியின் செக்கிங் மேஜையில் நாள் முழுவதும் துணியில் ஓட்டையையும் கறையையும் தேடிப் பழகிய கண்களையுடைய பெண், மாலையில் வீடு திரும்பிக் கண்ணாடியின் முன் நின்றால், தன் முகத்தின்மேலும் அதே கண்களைத்தான் செலுத்துகிறாள். மூக்கின் இரு ஓரங்களிலும் முகவாயிலும் கடுகைக் கிள்ளித் தூவினாற்போலக் கரும்புள்ளிகள். கன்னத்திலோ கமலாப்பழத்தோல் போலக் குழிகுழியான துவாரங்கள். “அமுச்சி, மூக்கெல்லாங் கருகருன்னு இருக்குதே, இதென்ன?” என்று அவள் கேட்டால், “அழுக்குத்தான் கண்ணு, சொம்பு தேய்க்கிறாப்புல புளியப் போட்டு நல்லாத் தேச்சுக் கழுவு, போயிரும்” என்று பாட்டி பதில் சொல்லக்கூடும். பாட்டியின் வாக்கில் ஒரு பாதி உண்மை உண்டு; மற்றப் பாதிதான் முகத்தைக் கெடுக்கிறது. எது எந்தப் பாதி என்று பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சருமத்தில் நாம் துவாரம் என்று சொல்வது வெறும் ஓட்டையன்று. தமிழில் மயிர்க்கால் என்றும் வடமொழியில் ரோமகூபம் என்றும் வழங்கும் அது, ரோமம் முளைத்து வெளிவருகிற ஒரு குழலின் வாய். கூபம் என்றால் கிணறு. அந்தப் பெயரிட்டவர் கூர்ந்து பார்த்தே இட்டிருக்கிறார். ஏனெனில் அந்தக் கிணற்றின் பக்கச்சுவரில் ஒட்டினாற்போல் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருந்து, சீபம் என்னும் மெழுகு கலந்த எண்ணெயை ஓயாமல் ஊறச் செய்துகொண்டிருக்கிறது. முகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் இத்தகைய சுரப்பிகள் 400 முதல் 900 வரை இருக்கின்றன. பாலப் பருவத்தில் அடங்கிக் கிடக்கும் இவை, யௌவனம் தொடங்கும்போது ஆண்ட்ரோஜன் எனப்படும் ஹார்மோன்களின் தூண்டுதலால் பெருத்து, அதிகமாகச் சுரக்கத் தொடங்குகின்றன.

குழலின் உட்சுவரும், நம்முடைய மேல்தோலைப் போலவே, உயிரற்றுப்போன செதில்களை நாள்தோறும் உதிர்க்கும் இயல்புடையது. வழக்கமாக அச்செதில்கள் எண்ணெயோடு கலந்து வெளியே வழிந்துவிடும். சிலருக்கு அவை சரிவர உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எண்ணெயோடு குழைந்து, குழலின் வாயில் தக்கைபோல் அடைத்துக்கொள்கின்றன. வாய் மூடியிருந்தால் அது தோலின் நிறத்திலேயே சிறு மேடாகத் தெரியும் வெண்முள். வாய் திறந்திருந்தாலோ, தக்கையின் நுனி காற்றின் ஸ்பரிசத்துக்கு ஆளாகிறது; அதிலுள்ள மெலனின் என்னும் நிறப்பொருளும், பிராணவாயு பட்டு மாறுதலடைந்த கொழுப்பும் சேர்ந்து அதற்குக் கருநிறம் தருகின்றன. கரும்புள்ளி என்பது இதுவே. பித்தளை கறுப்பதும் மூக்கின்மேல் புள்ளி கறுப்பதும் காற்று செய்யும் வேலைதான் என்ற அளவில், பாட்டியின் உவமை பொய்யாகவில்லை. ஆனால் பாத்திரத்தின் கறை மேற்பரப்போடு முடிந்துவிடுவது. முகத்தின் கறுப்போ ஆழத்தில் இறங்கியிருக்கும் ஒரு தக்கையின் தலை மாத்திரமே. மேலே எவ்வளவு தேய்த்தாலும் அடியில் இருப்பது அசையாது. தேய்த்த தோல்தான் சிவந்து வீங்கும்.

இந்த அற்பப் புள்ளியைப் பற்றி மனிதர் கொண்டிருந்த கற்பனைகளும் சுவையானவை. மேனாட்டு வைத்தியர் இதற்குக் காமெடோன் என்று பெயரிட்டிருக்கின்றனர். தின்பவன் என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லின் வழிவந்தது அப்பெயர். பிதுக்கினால் வெளிவரும் வெண்ணிற இழையையும் அதன் கருந்தலையையும் கண்டு, சதையைத் தின்று வாழும் புழு என்று பழங்காலத்தார் அஞ்சியதன் அடையாளம் அது. நம் நாட்டுச் சுசுருத சம்ஹிதையோ முகப்பருவை முகதூஷிகை என்று அழைத்து, சில்லறை வியாதிகளின் வரிசையில் சேர்த்து, இலவமரத்து முள்ளை அதற்கு உவமையாகச் சொல்லிற்று. புழுவென்று பயந்தவர்களைக் காட்டிலும், இளமைப் பருவத்தில் முகத்தில் முளைக்கும் முள்ளென்று கண்டவர்கள் உண்மைக்கு அருகில் நின்றார்கள்.

கரும்புள்ளி என்று நினைத்து நாம் வருந்துபவற்றில் ஒரு பெரும்பகுதி கரும்புள்ளியே அன்று என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மூக்கின்மேல் ஒரே அளவாய், ஒரே வரிசையாய், சாம்பல் நிறத்தில் தெரியும் நுண்ணிய புள்ளிகள், எண்ணெய் மேற்பரப்புக்கு வந்துசேர உதவும் இயற்கையான இழைகளாகும். விளக்கில் திரி எந்த வேலையைச் செய்கிறதோ அந்த வேலையை இவை செய்கின்றன. இவற்றைப் பிதுக்கி எடுத்தாலும் ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் குழல் மறுபடி நிரம்பிவிடும். 1990களின் நடுவில் ஜப்பானியக் கம்பெனி ஒன்று அறிமுகப்படுத்தி, பிறகு உலகமெங்கும் பரவிய மூக்குப் பட்டையை ஒட்டி உரித்தெடுக்கும்போது, அதில் முள்முள்ளாய் ஒட்டிவரும் காட்சி மனத்துக்கு ஒரு திருப்தியை அளிப்பது வாஸ்தவம். ஆனால் ஒட்டிவந்தவற்றில் பெரும்பாலானவை இந்தத் திரிகளும் தக்கைகளின் நுனிகளுமே. அடைப்பின் காரணம் அப்படியே இருக்க, தோல் மெல்லியவர்களுக்கு எரிச்சல்தான் மிச்சம்.

அதைப்போலவே, ஆவி பிடித்தால் துவாரம் திறக்கும், பனிக்கட்டி வைத்தால் மூடும் என்ற நம்பிக்கையும் ஆதாரமற்றது. கதவைப்போல் திறந்து மூடுவதற்கு அந்த வாயில் தசை எதுவும் கிடையாது. ஆவி தக்கையைச் சற்று இளக்கலாம், குளிர்ந்த நீர் தோலைச் சிறிது நேரம் இறுகச் செய்யலாம், அதற்குமேல் ஒன்றுமில்லை. துவாரத்தின் அளவைத் தீர்மானிப்பவை பிறவிக் கூறும், எண்ணெய்ச் சுரப்பின் அளவும், வயதும், வெயிலுமே. தோலுக்கு அடியில் குழலைச் சுற்றி நின்று இறுக்கமாகப் பிடித்திருக்கும் நார்கள் ஆண்டுக்கணக்கான வெயிலாலும் முதுமையாலும் தளரும்போது, பழைய பனியனின் கழுத்துப்பட்டி தொளதொளவென்று ஆவதுபோல், துவாரத்தின் வாயும் அகன்று தெரிகிறது.

கரும்புள்ளி அழுக்கன்று என்று சொன்னதைக் கொண்டு, செய்யும் தொழிலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். இயந்திரங்களுக்கு இடும் கனிம எண்ணெயும் கிரீசும் நாள்தோறும் தோலில் படிந்தால், மயிர்க்கால்களின் வாயை அடைத்துக் கரும்புள்ளிகளையும் சீழ்கொண்ட பருக்களையும் உண்டாக்கும். எண்ணெய்ப் பரு என்றே மருத்துவ நூல்கள் இதைத் தனியாக வகைப்படுத்துகின்றன. முகத்தில் மாத்திரமன்றி, முன்னங்கையிலும், எண்ணெய் ஊறிய துணி உரசும் தொடையிலும் இது தோன்றும். நிட்டிங் இயந்திரத்தை ஓட்டுபவரும், அதைப் பழுது பார்க்கும் மெக்கானிக்கும், கொழுப்பும் மெழுகும் கலந்த பாலீஷ் கட்டியைச் சக்கரத்தில் தேய்த்துத் தேய்த்துக் கரிய தூசியில் குளிக்கும் பாத்திரத் தொழிலாளியும் இந்தக் காரணத்தை நினைவில் கொள்ள வேண்டும். வியர்வையில் நனைந்த முகக்கவசமும், இறுக்கிக் கட்டிய தலைத்துணியும், ஹெல்மெட்டின் வாரும் ஒரே இடத்தில் உரசிக்கொண்டிருந்தால் அங்கேயும் பரு கிளம்பும்.

எண்ணெய் தோலுக்குச் செய்யும் தீங்கு சில சமயம் பருவோடு நிற்பதில்லை என்பதற்கு நெசவுத் தொழிலின் சரித்திரமே சாட்சி கூறும். இங்கிலாந்தின் லங்காஷயர் நூற்பாலைகளில், மியூல் என்னும் நூற்பு இயந்திரத்தில் குனிந்து வேலை செய்த தொழிலாளர்களின் உடையில் கனிம எண்ணெய் ஆண்டுக்கணக்கில் ஊறியதால் அவர்களுக்குத் தோல் புற்று உண்டாயிற்று என்பதை 1922ல் வைத்தியர்கள் எடுத்துரைத்தார்கள். அதைத் தடுப்பதற்கென்றே தனி விதிகள் பிறப்பதற்கு 1953 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இக்காலத்தில் நன்கு சுத்திகரித்த எண்ணெய்கள் வந்துவிட்டமையால் அத்தகைய அச்சத்துக்கு இடம் குறைவு. எனினும், தொழிலாளியின் தோலில் காணும் மாறுதலை அவருடைய சொந்த அசிரத்தை என்று தள்ளிவிடுவது எவ்வளவு பெரிய தவறு என்பதை அந்த 31 ஆண்டுகள் நமக்குப் போதிக்கின்றன.

இன்னொரு எண்ணெய் நம்முடைய வீட்டிலேயே இருக்கிறது. தலையில் வழிய வழியத் தேய்க்கும் தேங்காயெண்ணெய் கூந்தலுக்கு நல்லதாயிருக்கலாம். அது நெற்றியில் இறங்கினால் மயிர்க்கால்களை அடைக்கக்கூடியது. தலைக்குப் பசை பூசும் வழக்கமுடைய அமெரிக்கக் கறுப்பின மக்களின் நெற்றியிலும் பொட்டிலும் வரிசையாகக் காமெடோன்கள் தோன்றுவதைப் பிலடெல்பியா நகரத்து வைத்தியர்கள் 1970ல் விவரித்து எழுதினார்கள். நெற்றியோரத்தில் பொரிப்பொரியாய் இருக்கும் நம் பெண்கள் செலவில்லாமல் செய்யக்கூடிய முதல் சிகிச்சை, எண்ணெயைக் குறைத்து, அதைக் கூந்தலின் நுனிப்பக்கமாகத் தடவி, நெற்றியில் படாமல் பார்த்துக்கொள்வதே.

இனிச் சிகிச்சைக்கு வருவோம். பாத்திரத்துக்கு அமிலம் உதவுவதுபோல் முகத்துக்கும் ஓர் அமிலம் உதவுகிறது என்பது இவ்விஷயத்திலுள்ள விசித்திரம். ஆனால் அது புளியின் அமிலம் அன்று. ஆற்றுப்பாலை இனத்து மரங்களின் லத்தீன் பெயரையொட்டி சாலிசிலிக் அமிலம் என்று வழங்கும் அது, எண்ணெயில் கரையும் தன்மையுடையதாதலால், எண்ணெய் நிறைந்த குழலுக்குள் மெல்ல இறங்கி, ஒட்டிக்கொண்ட செதில்களைப் பிரித்துவிடுகிறது. 0.5 முதல் 2 சதவீதம் வரை அது கலந்த முகக்கழுவிகளும் திரவங்களும் மருந்துக் கடைகளில் கிடைக்கும். முதலில் ஒன்றுவிட்டு ஒருநாள் பூசிப் பார்த்து, எரிச்சல் இல்லையென்றால் தினந்தோறும் பூசலாம்.

அதைவிட வலிமையுடையவை வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த மருந்துகள். குழலின் சுவர் செதிலை உதிர்க்கும் முறையையே இவை ஒழுங்குபடுத்துவதால், தக்கை உருவாவதற்கு முன்பே தடுத்துவிடுகின்றன. ட்ரெட்டினாயின் என்ற மருந்து பருவுக்குப் பயன்படும் என்று பிலடெல்பியாவின் கிளிக்மன் குழுவினர் 1969ல் எழுதினார்கள். அந்தக் கிளிக்மன், ஹோம்ஸ்பர்க் சிறைச்சாலைக் கைதிகளின் தோலில் நெடுங்காலம் பரிசோதனைகள் நடத்தியவர் என்பதும், அதற்காக அந்நகர நிர்வாகம் 2022ல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது என்பதும், இன்று நாம் சாவகாசமாகப் பிதுக்கிப் பூசும் குழாய்க்குப் பின்னால் இருக்கும் துயரமான வரலாறு. அதே வழியில் பின்னர் வந்த அடாபலின் சற்றுச் சாந்தமானது, 0.1 சதவீத ஜெல்லாகக் கிடைக்கிறது. இரவில், முகம் கழுவிக் காய்ந்த பிறகு, ஒரு பட்டாணி அளவை முகம் முழுவதற்குமாக மெல்லியதாகத் தடவினால் போதும். ஆரம்ப வாரங்களில் தோல் வறண்டு உரியலாம். பரு அதிகமானதுபோலவும் தோன்றலாம். அப்பொழுது மனந்தளர்ந்து விட்டுவிடாமல், ஒருநாள் இடைவிட்டு, ஈரப்பசைக் களிம்போடு சேர்த்துப் பூசிவர வேண்டும். பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகும். கர்ப்பிணிகளும் கர்ப்பம் தரிக்க எண்ணியிருப்பவர்களும் இவ்வகை மருந்துகளைத் தொடலாகாது. மற்றவர்களும் வைத்தியரின் சீட்டோடு வாங்குவதே முறை.

புள்ளியோடு சிவந்த பருவும் கலந்திருந்தால், கிருமியை அடக்கும் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம் உதவும். ஆனால் அது துணியின் சாயத்தை வெளுத்துவிடும் குணமுடையது. சாயத்தையே ஜீவனமாகக் கொண்ட ஊரில், அதைப் பூசிய கையோடு வண்ணத் துணியைத் தொடுவது எவ்வளவு நஷ்டம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

செய்யத்தகாதவற்றை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புளி, எலுமிச்சை, சமையல் சோடா, பற்பசை, கரகரப்பான சர்க்கரை, உப்பு ஆகிய எதையும் முகத்தில் தேய்க்க வேண்டாம். எலுமிச்சைச் சாறோடு வெயிலில் போனால் தோல் கருகிப்போவதும் உண்டு. துணி சோப்பும் கடினமான குளியல் சோப்பும் காரத்தன்மையுடையவை; இயல்பிலேயே சிறிது அமிலத்தன்மை கொண்ட சருமத்துக்கு அவை பகை. உப்புத்தண்ணீரோ சோப்பை நுரைக்கவிடாமல், படலம் படலமாக முகத்திலேயே தங்கச் செய்துவிடும். மென்மையான முகக்கழுவியால் காலையும் மாலையும் இருமுறை, வியர்த்து வேலை செய்தால் இன்னொரு முறை கழுவினால் போதுமானது. பயற்றமாவு பிடித்தவர்கள் அதை நன்கு சலித்து, தேய்க்காமல் பூசிக் கழுவலாம். நகத்தால் பிதுக்குவது, தக்கையின் பாதியை வெளியேற்றி மீதியை உள்ளே தள்ளி, நம் நிறமுடைய தோலில் மாதக்கணக்கில் மறையாத கருந்தழும்பை உண்டாக்கும் காரியம். எடுத்தே ஆக வேண்டுமென்றால், அதற்குரிய கருவியைக் கொண்டு பயிற்சி பெற்றவர் எடுக்கட்டும்.

எல்லாவற்றிலும் அபாயகரமானது, பக்கத்து வீட்டுப் பெண் சிவப்பானாள் என்று கேள்விப்பட்டு, சீட்டில்லாமல் கடையில் வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு களிம்பு. முதல் வாரம் முகம் பளிச்சென்று ஆகும். சில மாதங்களில் தோல் மெலிந்து, சிவந்த நரம்புகள் தோன்றி, களிம்பை நிறுத்தினால் பருக்கள் முன்னைவிடப் பன்மடங்காய்க் கிளம்பும். இந்தக் கொடுமை நாடெங்கும் பெருகியதைக் கண்டே, 2018ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை வைத்தியர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்துவிட்டது, கடையில் கேட்டு வாங்குகிற பழக்கம் நம்மிடமிருந்து போக வேண்டும்.

துவாரங்கள் பெரிதாகத் தெரிவதைப் பற்றி உண்மையாகச் சொல்லக்கூடியது, அவற்றை அடியோடு மறையச் செய்ய முடியாது, கண்ணை உறுத்தாமல் செய்யலாம் என்பதே. தக்கைகள் கரைந்தால் வாய் சற்றுச் சுருங்கித் தோன்றும். எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத வெயில்காப்புக் களிம்பு, இருக்கும் நார்கள் மேலும் தளராமல் காக்கும். எண்ணெயற்றதும் மயிர்க்காலை அடைக்காததுமான பூச்சுகளைத் தேர்ந்துகொண்டால் பவுடர் திட்டுத்திட்டாய் நிற்காது. லேசர் முதலிய சிகிச்சைகள் ஓரளவு பலன் தருவனவாயினும், செலவு அதிகம். பலனும் பிறவிக்கூறை மாற்றும் அளவினதன்று. அலைபேசியின் காமிரா அரையடி தூரத்திலிருந்து காட்டும் துவாரங்களை, எதிரே நின்று பேசுகிற மனிதர் யாரும் காண்பதில்லை என்பதையும் நினைவில் வைத்தால் பாதி விசாரம் தீரும். ஆனால் பருவோடு மாதவிடாய் ஒழுங்கீனமும், முகவாயில் ரோம வளர்ச்சியும் சேர்ந்திருந்தாலோ, கட்டிகட்டியாய் வந்து பள்ளம் விழுந்தாலோ, பூச்சுகளை நம்பிக் காலம் கடத்தாமல் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குச் சென்று காட்ட வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் கம்பெனிகளிலும் பட்டறைகளிலும் இயந்திரத்தைத் துடைத்து, கையைத் துடைத்து, எண்ணெய்க் கறை ஏறிய அதே பனியன் வேஸ்ட் துணியால் வியர்த்த முகத்தையும் துடைத்துக்கொள்ளும் பழக்கம் வெகு சகஜமாக இருக்கிறது. தொழிலாளர்கள் சட்டைப்பையில் முகத்துக்கென்று ஒரு சுத்தமான துண்டுத் துணியை வைத்துக்கொள்ளட்டும். துணிக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. முதலாளிமார்கள் வேலையிடத்துக்குப் பக்கத்தில் ஒரு நல்ல தண்ணீர்க் குழாயும், மென்மையான சோப்பும், கழுவிக்கொள்ள ஐந்து நிமிஷ அவகாசமும் தரட்டும். குடத்துக்கு மெருகு ஏற்றப் பாலீஷ் சக்கரத்தில் எத்தனை நேரமானாலும் செலவிடுகிற நாம், அந்தக் குடத்தைச் செய்த மனிதரின் முகத்துக்கு அந்த ஐந்து நிமிஷத்தைக் கொடுப்பது பெரிய தர்மம் ஆகாது. செய்தே தீர வேண்டிய கடமை.